சிதைந்த எழுத்தின் வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன், கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலையொன்றிலே பத்தாந் தர மாணவருக்கு வரலாற்றுப் பாடத்தில் தவணைப் பரீட்சை நடைபெற்றது. மேற்பார்வைக்கு நாம் நின்றோம். வினாத்தாள் வழங்கிப் பத்து நிமிடமும் ஆகியிராது. பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்தாள். "சேர், நாலாம் கேள்வி இங்கிலீசிலை கிடக்கு. நாங்கள் தமிழிலை மறுமொழி எழுதலாமோ?" என்று கேட்டாள். வகுப்புச் சிரித்தது.

தாளை வாங்கிப் பார்த்தோம். நாலாம் வினாவில் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் நெல்லுமணி சிந்தியதுபோல இறைந்து கிடந்தன. அஃது ஆங்கிலமும் அன்று, தமிழும் அன்று. ஆறாம் வினாவில் தமிழ் இருந்தது. ஆயினும் 'போர்த்துக்கேயர்' என்ற சொல்லிலே கொம்புகள் தத்தம் எழுத்தை விட்டு விலகிப் புள்ளிவட்டங்களைப் பற்றிக்கொண்டு நின்றன. மூன்றாம் பக்கத்திலே தலைப்புக்கள் இருக்கவேண்டிய இடத்தில் வெறுங் கட்டங்கள் இருந்தன. முந்நூறு படிகள் அச்சாகியிருந்தன. மீண்டும் அச்சடிக்கப் பணமுமில்லை, நேரமுமில்லை. வினாக்களைக் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தோம். அதற்குள் இருபது நிமிடம் கழிந்துவிட்டது. கடைசி வினாவைத் தொடாமலே தாளைக் கையளித்துச் சென்ற பிள்ளைகள் பலர்.

அன்று மாலை குற்றவாளியைத் தேடும் படலம் தொடங்கிற்று. வினாத்தாளின் ஒரு பகுதியை ஓர் ஆசிரியரும் மறு பகுதியை இன்னோர் ஆசிரியரும் தட்டெழுதியிருந்தனர். "எங்கள் கணினியிலே ஒழுங்காகத்தான் இருந்தது" என்றனர் அவ்விருவரும். "நீங்கள் தந்ததைத்தான் அடித்தோம்" என்றார் அச்சகத்துத் தொழிலாளர். நாம் விசாரித்துப் பார்த்த அளவில் எல்லோர் கூற்றும் மெய்யாகவே இருந்தது. எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் கவனக்குறைவாக இருக்கவுமில்லை. அங்ஙனமாயின் பிழை எங்கே பிறந்தது? இவ்வினாவுக்கு விடை அந்த அச்சகத்தின் நாலு சுவருக்குள் இல்லை. அதனை வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

தமிழ் எழுத்து அச்சேறிய முதல் நாள் தொட்டே, எழுத்து ஓரிடத்திலும் அதனை ஆக்கும் கருவி வேறோரிடத்திலுமாக இருந்து வந்திருக்கின்றன. 1578 ஆம் ஆண்டில் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது முதன்மையானது. அதனை ஆக்குவித்தவர் போர்த்துக்கேயப் பாதிரியாரான அன்றிக் அடிகளார். ஓலையிலே எழுதியோர் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியிடுவதில்லை. அரவையும் ரகரத்தையும் ஒரே வடிவில் எழுதும் வழக்கமும் இருந்தது. படிப்பவன் இடம் நோக்கிப் பொருள் கொண்டான். ஈயம் இடம் நோக்காது. எதை வார்த்தார்களோ அதையே அது பதிக்கும். ஓலையின் தெளிவின்மை அச்சுக்கு வந்தபோதுதான் அது குறையெனத் தோன்றலாயிற்று.

தரங்கம்பாடியிலே நிகழ்ந்தது நமது வினாத்தாளின் கதைக்கு இன்னும் நெருங்கியது. 1706 இல் அங்கு வந்த சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியாருக்காக, செருமனியின் ஹாலே நகரிலே தமிழ் எழுத்துக்கள் வார்க்கப்பட்டு 1713 இல் வந்து சேர்ந்தன. தமிழ் வழங்காத நாட்டிலே வார்க்கப்பட்ட அவ்வெழுத்துக்கள் அளவிற் பெரியனவாக இருந்தன. அவற்றைக் கொண்டு ஒரு நூலை அச்சிட்டு முடிப்பதற்குத் தாள் போதவில்லை. என்ன செய்தனர்? சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தனர். பாற்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கி எழுத்தாக்கினர் என்பர். பொறையாற்றிலே கடதாசி ஆலையொன்றையும் நிறுவினர். 1715 இல் புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது. தொலைவிலே செய்யப்பட்ட எழுத்து இங்கே பொருந்தாமற்போனமையும், இங்குள்ள கைகள் இங்குள்ள பொருளைக் கொண்டு அதனைத் திருத்தியமையும் நாம் மனங்கொள்ள வேண்டியவை. இவ்வரலாற்றில் அஃது ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததன்று.

ஈழத்தின் வடபகுதிக்கு வருவோம். 1820 ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனைச் சேர்ந்த ஜேம்ஸ் கரற் என்னும் அச்சுத் தொழிலாளர் யாழ்ப்பாணம் வந்தார். ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பார்ன்ஸ் அவரை இத்தீவில் தங்கவிடவில்லை. அவர் பம்பாய்க்குப் போகவேண்டியதாயிற்று. அச்சுப்பொறி என்பது வெறும் இரும்பன்று என்பதை ஆள்வோர் அன்றே அறிந்திருந்தனர். 1834 இல் மானிப்பாயிலே மிசன் அச்சகம் தொழிற்படத் தொடங்கிற்று. 1841 இல் 'உதயதாரகை' பிறந்தது. மதம் பரப்புவதற்கென வந்த கருவியை மக்கள் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ள நெடுங்காலம் செல்லவில்லை. 1849 இல் ஆறுமுக நாவலர் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். உரைநடையிலே நிறுத்தக் குறிகளை ஒழுங்காகக் கையாண்டு, படிப்பவன் தடுக்கிவிழாதபடி பக்கத்தை அமைத்தார். அவரது கல்வி முயற்சி சாதியின் எல்லையைத் தாண்டவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது. அந்த எல்லைக்கு அப்பால் நிறுத்தப்பட்டவர்கள் அச்சைத் தம் கையில் எடுப்பதற்கு இன்னுமொரு நூற்றாண்டு சென்றது. சவரத் தொழிலாளர் குடும்பத்திலே பிறந்த டொமினிக் ஜீவா 1966 இல் யாழ்ப்பாணத்திலிருந்து 'மல்லிகை'யை வெளியிடத் தொடங்கியமை அவ்வகையில் ஒரு திருப்பமாகும்.

சிறுப்பிட்டியிலே 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பணியை ஈண்டுச் சிறப்பாக நினைவுகூர வேண்டும். வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அவர் அச்சேற்றினார். தொட்டால் ஒடிந்தும் கட்டை அவிழ்த்தால் உதிர்ந்தும் போகும் ஏடுகளின் அவலத்தை அவர் உருக்கமாக எடுத்துரைத்தவர். அழியும் ஊடகமொன்றிலிருந்து நிலைக்கும் ஊடகமொன்றுக்கு எழுத்தைக் கடத்துதலே அவரது பணியின் சாரம். இதனை வாசகர் மனத்திலிருத்திக் கொள்வாராக. முடிவிலே இதனிடம் மீள்வோம்.

இப்பெயர்களெல்லாம் நூல்களில் உள்ளன. ஆனால் எழுத்துப் பெட்டியின் முன்னே நாள்முழுதும் நின்று, இடம்வலம் மாறிய ஈய எழுத்துக்களைக் கோத்த அச்சுக்கோப்பாளரின் பெயர்கள் எத்தனை நூல்களில் உள்ளன? ஆங்கிலத்துக்குச் செய்த இயந்திரத்தைத் தமிழுக்கு இசைவித்தவர்கள் அவர்களே. எழுத்து உடைந்தால் சாமணத்தால் பிடுங்கி மாற்றினர். ஓர் எழுத்துத் தீர்ந்துபோனால் வேறு வாக்கியம் தரும்படி ஆசிரியரிடம் கேட்டனர். ஈய அச்சிலே பிழை கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். சரவை பார்ப்பவரும் கோப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தனர்.

பின்னர் தட்டச்சுப்பொறி வந்தது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கு விசைப்பலகை அமைத்தார். பொறி செருமனியிலே செய்யப்பட்டது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தைச் சில பத்து விசைகளில் அடக்குவதற்காக எழுத்துக்களைக் கொம்பாகவும் அரவாகவும் விசிறியாகவும் பிரித்தடிக்கும் முறை பழக்கத்துக்கு வந்தது. 1935 இலிருந்து பெரியார் 'குடி அரசு' இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 இல் தமிழ்நாட்டரசு ஏற்றது. அதற்கும் கருவியின் நெருக்கடி ஒரு காரணமாயிற்று. சில வேளை எழுத்து கருவிக்கு இணங்கிற்று, சில வேளை கருவி எழுத்துக்கு இணங்கிற்று. எனினும் அதுவரை ஒன்று மட்டும் உறுதியாயிருந்தது. தாளிலே 'த' என்று விழுந்தால் அது 'த' தான்.

அந்த உறுதி குலைந்தது கணினிப் பக்கவமைப்பின் வருகையோடு. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மூன்று பொருள்கள் ஒன்றுசேர்ந்தன. அப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க மொழி இன்னொன்று. அல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் மென்பொருள் மூன்றாவது. மேசையொன்றின்மேல் ஒருவர் தனியே அமர்ந்து முழுப் புத்தகத்தையும் அமைக்கலாம் என்ற நிலை பிறந்தது. ஏழை நாட்டுச் சிறு அச்சகங்களுக்கு அது பெரும் வாய்ப்பென்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மென்பொருளில் தமிழுக்கு இடமிருக்கவில்லை. அக்காலத்து எழுத்துருவொன்றில் இருந்தவை 256 இடங்கள். அவற்றிலே முதற் பாதி ஆங்கில எழுத்துக்கும் கட்டளைக்கும் உரியது.

தமிழர் என்ன செய்தனர்? ஆங்கில எழுத்தின் வீடுகளிலே தமிழெழுத்தைக் குடியேற்றினர். நமது நாட்டில் பரவிய 'பாமினி' எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதிலே 'ஜே' இருந்த வீட்டில் 'த' குடியிருக்கிறது. 'கே' வீட்டில் 'ம', 'பி' வீட்டில் விசிறி, 'ஓ' வீட்டில் 'ழ', அரைப்புள்ளியின் வீட்டில் மெய்யின் புள்ளி. நாம் 'தமிழ்' என்று தட்டெழுதுகிறோம். திரையிலும் தாளிலும் 'தமிழ்' என்றே தோன்றுகிறது. ஆனால் கணினியின் நினைவிலே பதிவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. அதாவது, கோப்பிலே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தின்மேல் தமிழ் முகமூடி மட்டுமே உண்டு. அந்த எழுத்துரு இல்லாத கணினியிற் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்று விழும். நமது நாலாம் வினாவுக்கு நேர்ந்தது இதுவே.

இத்தகைய உபாயத்தைக் கண்டவர்களை நாம் பழிக்கவில்லை. பாற்கட்டியின் ஈயத்தை உருக்கியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். பழிக்கப்படவேண்டியது பின்னர் நிகழ்ந்த சந்தைப் போட்டியே. எழுத்துரு விற்ற ஒவ்வொருவரும் தத்தமக்கென ஒரு குடியேற்ற ஒழுங்கை வகுத்தனர். ஒருவரின் 'த' மற்றொருவரின் 'ப' ஆயிற்று. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்னும் ஒழுங்குகளை ஏற்றது. உலகெங்கும் பரந்த ஆர்வலர் தஸ்கி என்னும் ஒழுங்கை வகுத்தனர். பொது ஒழுங்குகளே பலவாயின. ஒரு மொழி, ஓர் எழுத்து, அதற்குப் பல பத்து இரகசிய மொழிகள் என்ற விபரீதம் விளைந்தது.

இக்காலத்திலே வன்னியின் நிலை யாது? 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்கிலே மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பண்டங்களாயின. யாழ்ப்பாணத்திலே பள்ளிக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளிலும் வெளியீடுகள் வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் நிகழ்ந்த பேரிடப்பெயர்வின் பின் இலட்சக்கணக்கானோர் வன்னிக்கு வந்தனர். நாம் சிறு வகுப்புக்களிற் படித்தது அந்நாளில். தட்டச்சுப்பொறியிலே மெழுகுத்தாள் வெட்டி, றோணியோவின் கைபிடியைச் சுழற்றி எடுத்த வினாத்தாள்களின் மை மணம் இன்றும் நாசியில் நிற்கிறது. மங்கிய எழுத்தாயினும் அது தமிழெழுத்தாகவே இருந்தது. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது கணினிகளும் மின்பிறப்பாக்கிகளும் வந்தன. விழா மலர்களும் அந்தியேட்டி நினைவு மலர்களும் பாடக் குறிப்புக்களும் கணினியிலே அமைக்கப்பட்டன. அவற்றிற் பெரும்பாலானவை பாமினியிலோ அதையொத்த எழுத்துருக்களிலோ ஆனவை.

2008 இன் பிற்பகுதியிலிருந்து மக்கள் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே நடந்தனர். விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என அந்த வழி 2009 மே மாதம் வரை நீண்டது. ஒவ்வோரிடத்திலும் பொதி சிறுத்துக்கொண்டே போயிற்று. உயிரைக் காக்க ஓடியவர்கள் கடதாசியைக் காத்திருக்க முடியாது. ஆகவே வன்னியில் அச்சான எத்தனையோ மலர்களின் தாட்படிகள் அழிந்தன. எஞ்சியவை சில இறுவட்டுக்கள். உறவினருக்கு முன்னரே அனுப்பிய கோப்புக்கள் சில.

முல்லைத்தீவு மாவட்டத்து முதியவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் தந்தையாரின் நினைவு மலர் 2004 இல் வெளிவந்தது. அதிலே நாலு தலைமுறையின் வம்சவிருட்சம் இருந்தது. போரின் பின் வீட்டில் ஒரு படியும் இல்லை. புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் தம்மிடமிருந்த கோப்பை அனுப்பினார். திறந்தபோது பக்கம் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பை. "எல்லாம் அழிஞ்சு போச்சுது, தம்பி" என்றார் முதியவர். அழியவில்லை. தட்டெழுத்துக் கடையொன்றிலே இளைஞர் ஒருவர் பழைய எழுத்துருவைத் தேடி நிறுவினார். விசையொன்றை அழுத்தியதும் பெயர்கள் தமிழாயின. 2009 இல் மாண்ட பேரப்பிள்ளைகள் இருவரின் பெயரும் அம்மரத்தின் கடைசிக் கிளையில் இருந்தன. முதியவர் திரையைத் தொட்டுப் பார்த்தார். எழுத்துரு என்பது தொழில்நுட்பச் சில்லறை என எண்ணுவோர் இதனைச் சிந்திப்பாராக.

இனி நோயையும் மருந்தையும் நோக்குவோம். நமது வினாத்தாளில் இருந்தவை மூன்று வேறு நோய்கள். ஆங்கில எழுத்துக்கள் இறைந்து கிடந்தால், அது பாமினி போன்ற பழைய ஒழுங்கிற் செய்த கோப்பு, அதன் எழுத்துரு அச்சகத்துக் கணினியில் இல்லை என்று பொருள். எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துக் கொடுக்கவேண்டும், அல்லது எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எஃப். ஆக்கிக் கொடுக்கவேண்டும். வெறுங் கட்டங்கள் தோன்றினால், கோப்பிலே உண்மையான தமிழ் இருக்கிறது, ஆனால் தெரிவுசெய்த எழுத்துருவில் தமிழ் வடிவங்கள் இல்லை. தமிழ் யுனிகோட் எழுத்துருவொன்றைத் தெரிந்தாற் போதும்.

கொம்பு விலகிப் புள்ளிவட்டத்தோடு நின்றால், பிழை பக்கவமைப்பு மென்பொருளுடையது. 1991 இல் யுனிகோட் என்னும் உலகப் பொது ஒழுங்கிலே தமிழ் இடம்பெற்றது. அதில் 'கொ' என்பதில் முதலில் ககரமும் பின்னர் ஒகரக் குறியும் பதிவாகும். கொம்பை முன்னுக்கும் அரவைப் பின்னுக்கும் நிறுத்தும் பொறுப்பு மென்பொருளைச் சார்ந்தது. பேஜ்மேக்கர் அந்த வேலையை என்றும் கற்றதில்லை. 2001 இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சியும் நின்றது. அடோபியின் இன்டிசைன் 2012 இல் வந்த சி.எஸ். 6 பதிப்பிலேதான் இந்திய எழுத்துக்களைக் கோக்கும் அமைப்பைப் பெற்றது. இன்றும் பத்தி அமைப்பிலே அனைத்துலக எழுத்துக்குரிய கோப்பியைத் தெரிவுசெய்யாவிடின் கொம்பு வழிதவறும். விலை கொடுக்க இயலாத பாடசாலைகளுக்கு ஸ்கிரைபஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் உண்டு. 2024 இல் வந்த அதன் 1.6 பதிப்பு தமிழெழுத்தை ஒழுங்காகக் கோக்கும்.

இவற்றோடு நாலாவது நோயொன்றும் உண்டு. அது மருந்தின் வேடத்தில் வருவது. எழுத்து உடையாதிருக்க, அதனைச் சித்திரக் கோடுகளாக மாற்றி அச்சுக்கு அனுப்பும் வழக்கம் பரவியுள்ளது. தாளிலே எழுத்து அழகாக விழும். ஆனால் கோப்பிலே எழுத்து இறந்துவிடும். பின்னர் அதனைத் திருத்தவும் இயலாது, தேடவும் இயலாது. பாமினியிற் செய்த பி.டி.எஃப். கோப்பின் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஒழுங்காக அச்சாகும். அதற்குள்ளே ஒரு பெயரைத் தமிழில் தேடினால் அகப்படாது. ஆகவே, நன்றாக அச்சாகிவிட்டது என்பதனாலேயே நோய் தீர்ந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. நோய் மறைந்திருக்கிறது என்பதே உண்மை.

மெய்யான மருந்து ஒன்றே. பழைய கோப்புக்களை யுனிகோட்டுக்கு மாற்றவேண்டும். மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் கருவியை மட்டும் நம்பி இருத்தலாகாது. இடையிலுள்ள ஆங்கிலச் சொற்களையும் அக்கருவி தமிழெனக் கொண்டு உருக்குலைக்கும். கொம்பெழுத்துக்களிலும் சில வேளை தடுமாறும். மாற்றியபின் ஒருவர் அமர்ந்து சரவை பார்த்தே ஆகவேண்டும். அதற்கும் காலம் காத்திராது. டைப் 1 என்னும் பழைய வகை எழுத்துருக்களுக்கு அடோபி தன் மென்பொருள்களிலே வழங்கிய ஆதரவை 2023 சனவரியில் நிறுத்திவிட்டது. அவ்வகையிற் செய்த கோப்புக்களை இன்றைய மென்பொருள் முன்போலக் காட்டாது. பழைய கணினிகள் பழுதாகின்றன. இறுவட்டுக்கள் கெடுகின்றன. தாமோதரம்பிள்ளையின் கையில் ஏடு ஒடிந்ததுபோல, நமது கையில் கோப்பு ஒடிகிறது. ஒடியும் ஓசை கேட்பதில்லை என்பதே வேற்றுமை.

2005 இல் தொடங்கிய 'நூலகம்' மின்னூலகம் ஈழத்து அச்சுப் பிரதிகளை ஆயிரக்கணக்கில் காத்துத் தந்திருக்கிறது. தொண்டர் பலரின் கூட்டுழைப்பு அது. அத்தகைய உழைப்பில் ஒரு பங்கை நமது பாடசாலைகள் ஏற்கலாகாதா? ஒவ்வொரு பாடசாலையிலும் மாணவர் குழுவொன்று தன் ஊரின் மலர்களையும் நினைவு நூல்களையும் அச்சகங்களில் எஞ்சியுள்ள கோப்புக்களையும் திரட்டலாம். உரியவர்களின் இசைவோடு அவற்றை யுனிகோட்டாக்கிச் சரவை பார்க்கலாம். வரலாற்றுப் பாடத்துக்கு இதனினும் சிறந்த செய்முறைப் பயிற்சி வேறில்லை. வினாத்தாள் அச்சுக்குப் போகுமுன் எல்லாப் பகுதிகளையும் ஒரே ஒழுங்குக்குக் கொணர்ந்து, ஒரு படியை மட்டும் எடுத்து, ஆசிரியரும் அச்சகத் தொழிலாளரும் சேர்ந்து பார்ப்பதும் வழக்கமாக வேண்டும். முந்நூறு படியின் செலவை அந்த ஒரு படி மீதப்படுத்தும். ஈய அச்சின் காலத்திலே ஒரே கூரையின்கீழ் இருந்த அவ்விருவரையும் கணினி பிரித்துவிட்டது. அவர்களை மீண்டும் சேர்த்துவைப்பது நமது கடமை.

அன்று அந்த மாணவி கேட்ட கேள்விக்கு, "எழுதலாம், பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினோம். அவளுக்குத் தரவேண்டிய முழு விடை அதுவன்று. அவள் எழுதுவது நாளை எந்தப் பொறியிலே திறந்தாலும் தமிழாகவே நிற்கவேண்டும். அதற்கான வேலையை இந்தத் தவணையிலேயே தொடங்குவோம்.